துவான் பார்க்கச் சுத்தம் செய்த கொல்லை

ஈப்போவுக்கு வந்த புதிதில் எதற்கெடுத்தாலும் எனக்கு வெட்கம்தான். தையல் பேக்டரியில் மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க வெட்கம், உள்ளே கருவாடு இருக்குமே என்று. பஸ்ஸில் மலாயில் சில்லறை கேட்க வெட்கம். ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவள் என்று யாராவது கண்டுபிடித்துவிடுவார்களோ என்று எப்போதும் ஒரு உதறல். அதெல்லாம் நாளாக நாளாக ஆறிவிட்டது. கொல்லையில் பட்ட வெட்கம் மட்டும் ஆறவே இல்லை. இப்போதும் யாராவது ஈர்க்குமாறு பிடித்து மணலைக் கூட்டுவதைப் பார்த்தால் எனக்கு முகம் சுடுகிறது.

கொல்லை என்று நாங்கள் சொன்னது ஒரு பழைய ஈயச் சுரங்கத்து நிலம். ஈயத்தை வழித்து எடுத்துக்கொண்டு போனபின் மிச்சமிருந்த வெள்ளை மணல், பின்னால் ஒரு பெரிய குட்டை, அதற்கும் பின்னால் சுண்ணாம்புமலை. எங்கள் மலிவு வீடுகளுக்கும் அந்தக் குட்டைக்கும் நடுவில் அது சும்மா கிடந்தது. அந்த மணலில் புல் முளைப்பதே அதிசயம். மாட்டுச் சாணி, சாம்பல், புண்ணாக்கு, மீன் கழுவிய தண்ணீர் என்று வருஷக்கணக்கில் கொட்டிக் கொட்டித்தான் அதை மண்ணாக்கினோம். கத்தரி, வெண்டை, பாகல், பயத்தங்காய், தண்டுக்கீரை எல்லாம் வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு துண்டு. உன் துண்டு, என் துண்டு என்பதற்கு அடையாளம் நட்டு வைத்த பாட்டில்கள்தான். சண்டை உண்டு. ஆனால் யாராவது பிரசவத்துக்குப் போனால் அடுத்த துண்டுக்காரி தண்ணீர் ஊற்றிவிடுவாள்.

எங்களில் பெரும்பாலோர் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர்கள். எழுபதுகளில் அந்தத் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். வரிசை வீடுகளான லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கிடைத்த வேலைக்குக் கிடைத்த ஊருக்குப் போனோம். என் வீட்டுக்காரர் கல் லாரி ஓட்டினார், நான் பேக்டரிக்குப் போனேன். என் அப்பாவுக்குத்தான் ஒன்றும் இல்லாமல் போனது. அவர் தோட்டத்தில் மண்டோர். ஆள்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற ஆள். விடியற்காலையில் ஆள்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் அவர் குரல் கொடுத்தால் லயம் முழுக்க விளக்கு எரியும். ஈப்போவில் அவர் குரலுக்கு எங்கள் வீட்டுப் பூனைகூட எழுந்திருக்கவில்லை. அம்மா இறந்த பிறகு என்னோடுதான் இருந்தார். காலையில் காப்பி குடித்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். எங்கே போவது என்று தெரியாது. திரும்ப உள்ளே வந்து சட்டையைக் கழற்றுவார். நான் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் அதைப் பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி போவேன்.

கொல்லைதான் அவரை மனுஷனாக்கியது. எங்கள் துண்டில் அவர் போட்ட பாத்தி ஒவ்வொன்றும் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அடுத்தவர் பாத்தி கோணலாக இருந்தால் போய்த் திட்டுவார். அவர்களும் "சரிங்க மண்டோரே" என்று சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வார்கள். அந்த நிலம் போனால் கீரையும் கத்தரியும் போகும், அது கஷ்டம்தான். ஆனால் அப்பா மறுபடியும் வாசலில் சட்டையோடு நின்று திரும்புவார். அதை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

நிலம் எங்களுடையது அல்ல, அரசாங்கத்தினுடையது. வருஷா வருஷம் லேண்ட் ஆபீஸில் தற்காலிக அனுமதி வாங்க வேண்டும். மரம் வைக்கக் கூடாது, கட்டடம் கட்டக் கூடாது, பயிர் மட்டும். பல வருஷம் ஒருவரும் எங்களைக் கண்டுகொள்ளவில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு லாரிக் கம்பெனிக்காரனுக்கு அந்த இடத்தின்மேல் கண் விழுந்தது. லாரி நிறுத்த இடம் வேண்டுமாம். அந்த இடம் ஒரே புதர், கொசு, பாம்பு, அசிங்கம் என்று எழுதிக் கொடுத்திருந்தான். அனுமதியைப் புதுப்பிக்க நான் ஆபீஸுக்குப் போனபோது கவுண்டரில் இருந்த அம்மாள், அதிகாரி ஒருவர் திங்கள்கிழமை வந்து நிலத்தைப் பார்ப்பார், பார்த்துவிட்டுத்தான் முடிவு என்றாள்.

நான் வந்து சொன்னேன். எல்லாரும் கொல்லையில் கூடிவிட்டோம். அசிங்கம் என்று சொல்லிவிட்டானாமே என்பதுதான் எல்லாருக்கும் சுட்டது. அப்பா முன்னால் வந்தார். அன்றைக்கு அவர் குரல் பழைய குரலாக இருந்தது. தோட்டத்துத் துரை என்றாலும் ஆபீஸ் அதிகாரி என்றாலும் அவருக்கு மலாயில் துவான்தான்.

"துவான் வாராரு. நிலத்தப் பாக்க வாராரு. நிலத்தப் பாக்கணும்னா நிலம் தெரியணும்ல? இப்பிடிக் கொடியும் செடியுமா காடு மாரி கெடந்தா என்னாத்தத் தெரியும்? எல்லாம் சுத்தம் பண்ணிருவோம்லா."

தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இதில் ஆச்சரியமே வராது. துரை லயத்தைப் பார்க்க வருகிறார் என்றால் முதல் நாள் பெரட்டிலேயே அறிவித்துவிடுவார்கள். உடனே வாய்க்கால் கழுவ வேண்டும், கோழிக்கூட்டை மறைக்க வேண்டும், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். கூரையில் ஏறிய கொடி, வாசலில் வைத்த செடி எல்லாம் போக வேண்டும், கொசு வரும் என்பார்கள். மண்டோர் வீடு முதலில் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் எங்கள் வீட்டில்தான் தொடங்கும். அம்மா பந்தல் போட்டு வளர்த்த பாகற்கொடியை அப்பா ஊர் பார்க்கத் தன் கையால் வேரோடு இழுத்ததை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். அம்மா விழுந்த பிஞ்சுகளை முந்தானையில் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனாள். துரை வந்தார், ஜீப்பிலிருந்து இறங்காமலேயே பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். அன்றைக்கு முழுக்க அப்பா சந்தோஷமாக இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பித்தது. முதலில் புல்லைத்தான் பிடுங்கினோம். பிறகு காய்ந்த கொடிகளை எடுத்தோம். அதோடு நிறுத்தியிருந்தால் ஒன்றும் இல்லை. ஒருத்தி தன் துண்டை மொத்தமாக வழித்தாள். பக்கத்துத் துண்டுக்காரிக்குத் தன்னுடையது அசிங்கமாகத் தெரிந்தது, அவளும் வழித்தாள். முற்றியதைப் பறித்து எல்லாரும் பங்கு போட்டுக்கொண்டோம், பூவும் பிஞ்சுமாக நின்றதைப் பிடுங்கினோம். அப்பா எங்கள் துண்டிலிருந்துதான் தொடங்கினார், கேட்க வேண்டுமா? என் கத்தரி அப்போதுதான் காய்க்க ஆரம்பித்திருந்தது. நான் கொஞ்சம் தயங்கினேன். அப்பா என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். அவர் முகத்தில் அத்தனை வருஷம் கழித்து ஒரு களை வந்திருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. குனிந்து பிடுங்கினேன். மணல்தானே, வேர் சுலபமாக வந்தது.

பிடுங்கியதை எல்லாம் வண்டியில் தள்ளிக்கொண்டுபோய்க் குட்டைக் கரையில் கொட்டினோம். பாட்டில்களைக் கழுவி வரிசையாக வைத்தோம். யாரோ ஒருவர் பாதை ஓரத்துக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்தார். சாயங்காலம் பெண்கள் வரிசையாக நின்று ஈர்க்குமாற்றால் மணலைக் கூட்டினோம், ஒரே பக்கமாக, கோடு கோடாக. பார்க்க அழகாக இருந்தது. அதை நான் மறைக்கப் போவதில்லை, நிஜமாகவே அழகாக இருந்தது. எங்களுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

சுத்தம் செய்யாதது ஒரே ஒரு துண்டு. குட்டை ஓரத்தில் ஒரு சீன அம்மாளின் துண்டு அது. ஆசோ என்று கூப்பிடுவோம். மூங்கில் குச்சி, பழைய டின், கிழிந்த கோணி, உரமாகப் போட்ட இறால் தூளின் நாற்றம் என்று பார்க்கக் கண்றாவியாக இருக்கும். ஆனால் அந்தக் குச்சிகளில் பயத்தங்காய் தரை தொடத் தொங்கும். காலையிலிருந்து அவள் எங்களைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தாள். பாதி மலாய், பாதி கண்டோனீஸ், நடுவில் எங்களிடம் பிடித்த தமிழ்.

"ஆப்பா பாசால் சாபுட்? காய் இருக்குலா! கீலா கா?"

ஏன் பிடுங்குகிறீர்கள், பைத்தியமா என்கிறாள். நாங்கள் கண்டுகொள்ளவில்லை. சீனத்திக்கு என்ன தெரியும், அவள் என்றைக்காவது துரைக்குப் பதில் சொல்லியிருக்கிறாளா என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். கடைசியில் அவளுடைய துண்டால் எங்கள் எல்லாருக்கும் கெட்ட பேர் வரும் என்று அப்பா இரண்டு ஆள்களை அனுப்பினார், குச்சிகளையாவது எடுக்கச் சொல்லி. ஆசோ தண்ணீர் ஊற்றும் நீளக் கரண்டியை எடுத்துக்கொண்டு துரத்திய துரத்தலில் இரண்டு பேரும் வாய்க்காலைத் தாண்டி வந்து விழுந்தார்கள். நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். "விடுங்க, அசிங்கம் பண்றது அவதான்னு துவானுக்கே தெரியட்டும்" என்றார் அப்பா.

திங்கள்கிழமை நான் லீவு போட்டேன். எல்லாரும் குளித்து, வெளுத்த உடுப்புப் போட்டு, பாதை ஓரத்தில் வரிசையாக நின்றோம். நில்லுங்கள் என்று யாரும் சொல்லவில்லை, தானாக அப்படி நின்றுவிட்டோம், பெரட்டுக்கு நிற்பது மாதிரி. அப்பா கழுத்துப் பொத்தான்வரை மாட்டிக்கொண்டு முன்னால் நின்றார்.

ஜீப் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வந்தது. இறங்கியவன் மலாய்ப் பையன், என்னைவிட ரொம்பச் சின்னவன். ஹெல்மெட்டைக் கழற்றி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கூட்டிவைத்த மணலைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். மறுபடி மணலைப் பார்த்தான்.

"மானா கெபுன்?" என்றான். கொல்லை எங்கே என்று கேட்கிறான்.

அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கையால் அந்த மணல் முழுவதையும் காட்டினார். "சுடா பெர்சே, துவான்." சுத்தம் செய்தாகிவிட்டது, துவான்.

அந்தப் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. சுற்றிலும் நடந்தான். அவன் செருப்புத் தடம் எங்கள் கோடுகளின்மேல் விழுந்தது. ஆசோவின் துண்டுவரை போய், பயத்தங்காயைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். பயிர் செய்வது அந்தச் சீன அம்மாள் ஒருத்திதான், மற்றதெல்லாம் கோசோங், காலி நிலம், அப்படித்தான் ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும் என்று மரியாதையாகவே சொன்னான்.

கோசோங் என்ற வார்த்தை எனக்குள் இறங்கியதும்தான் கண் திறந்தது. அவன் பார்க்க வந்தது பயிரை. நாங்கள் அவனுக்காகச் செய்தது, பயிரை இல்லாமல் ஆக்கியது. இத்தனை பேரில் ஒருவருக்காவது இது தோன்றியிருக்கக் கூடாதா? மலாய் படித்தவள், டவுனில் வேலை செய்கிறவள், தோட்டத்து வாசனையே என்மேல் இல்லை என்று பீற்றிக்கொண்ட நான், துவான் என்ற ஒரு வார்த்தைக்கு எல்லாரையும் போலத்தான் குனிந்திருக்கிறேன். வெட்கம் என் காதுவரை ஏறியது.

நேற்றுவரை இங்கே எல்லாம் இருந்தது, நீங்கள் வருகிறீர்கள் என்பதால்தான் பிடுங்கினோம் என்று நான் அவனிடம் சொன்னேன். சொல்லும்போதே அது எவ்வளவு அபத்தம் என்று எனக்குத் தெரிந்தது. அவன் நம்பவில்லை. யாராவது காய்க்கிற செடியைப் பிடுங்குவார்களா, அக்கா, என்று சிரித்தான். பொய் சொல்கிறவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

அப்போது ஆசோ வந்தாள். முழங்கால்வரை சேறு. எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு குட்டைக் கரைக்குப் போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம்.

அங்கே குவியல் கிடந்தது, என் உயரத்துக்கு. ஒரே நாள் வெயிலில் இலையெல்லாம் துவண்டிருந்தது. ஆனால் கத்தரிப் பிஞ்சு இன்னும் மினுமினுப்பாக இருந்தது. பாகல் பூவில் ஒரு தேனீ வேறு உட்கார்ந்திருந்தது. அடியில் இருந்த வேர்களில் மணல் இன்னும் ஈரமாக ஒட்டியிருந்தது.

"தெங்கோ!" என்று ஆசோ கத்தினாள். "செமாலாம் டியா ஓராங் சாபுட். செமுவா கீலா!" பார், நேற்று இவர்கள்தான் பிடுங்கினார்கள், எல்லாரும் பைத்தியம்.

அவள் எங்களைப் பைத்தியம் என்று திட்டத் திட்டத்தான் எங்கள் நிலம் தப்பிக்கொண்டிருந்தது. நேற்று நாங்கள் அவளைப் பார்த்துச் சிரித்தது எனக்கு ஞாபகம் வந்தது. இறால் தூள் நாற்றமடிக்கும் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை, அதற்கும் வெட்கம்.

பையன் அந்தக் குவியலைச் சுற்றி வந்தான். குனிந்து ஒரு கத்தரிச் செடியை வேரோடு தூக்கினான். பிறகு அப்பாவிடம் திரும்பி, மெதுவாகக் கேட்டான்.

"பாச்சே, சியாப்பா சுரோ?"

பெரியப்பா, யார் செய்யச் சொன்னது?

அவன் திட்டியிருந்தால் அப்பா தாங்கியிருப்பார். திட்டு வாங்க அவருக்குத் தெரியும். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். துரை ஊருக்குப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது, தோட்டமே இல்லை. கடைசியில் "யாரும் சொல்லல" என்று தமிழிலேயே சொன்னார், அவனுக்குப் புரியாது என்பதுகூடத் தெரியாமல். நான்தான் மலாயில் மாற்றிச் சொன்னேன். என் வாழ்நாளில் நான் சொன்ன வாக்கியங்களில் அதைப் போலக் கேவலமாக வேறு எதுவும் என் வாயில் வந்ததில்லை.

அவன் அன்றைக்கு எதுவும் எழுதவில்லை. நோன்புப் பெருநாள் கழிந்து மறுபடி வருகிறேன், அதற்குள் ஏதாவது முளைத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வண்டியை உதைத்தான்.

வீட்டுக்குப் போனோம். அடுத்த நாளே விதை போட்டோம். ஆசோ தன் பயத்தங்காய் விதையில் ஒரு டின் கொண்டுவந்து வைத்தாள், திட்டிக்கொண்டேதான். சீக்கிரம் வருகிற கீரையாகப் பார்த்து விதைத்தோம். எங்கள் துண்டில் நான்தான் பாத்தி போட்டேன், கோணலாக. அப்பா வரவில்லை. கால் வலி என்றார். காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார், திரும்ப உள்ளே வந்து கழற்றினார். எதைக் கண்டு நான் பயந்தேனோ, அது நிலம் போகாமலேயே நடந்தது.

எனக்கோ ஆத்திரம். அவர்மேல் ஆத்திரம், என்மேல் ஆத்திரம். எல்லாரையும் விரட்ட ஆரம்பித்தேன். ஒரு புல்லைக்கூடப் பிடுங்கக் கூடாது, குச்சியை அப்படியே விடுங்கள், அந்தக் கோணியை எடுக்காதே என்று கத்தினேன். எல்லாரும் "சரி அக்கா, சரி அக்கா" என்றார்கள்.

பெருநாள் கழிந்து அவன் வருகிற நாளும் வந்தது. கொல்லை முழுக்கப் பச்சை. அப்பா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். விடிந்து கொஞ்ச நேரத்தில் வந்தார். பழைய சட்டை, பொத்தான் போடவில்லை. கையில் ஈர்க்குமாறு இருந்தது, அதை முதுகுக்குப் பின்னால் பிடித்திருந்தார். என் முன்னால் வந்து நின்றார், கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"ஏம்மா," என்றார். "செடியில கை வைக்க மாட்டேன். நடக்குற பாதைய மட்டும் கூட்டிக்கட்டுமா? நீ சொன்னா கூட்டுறேன்."

என் அப்பா என்னிடம் அனுமதி கேட்டார். அந்த நிற்கிற நிலையை நான் வேறு எங்கே பார்த்திருக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். லயத்து வாசலில், துரையின் ஜீப்புக்குப் பக்கத்தில். "என்கிட்ட ஏன்ப்பா கேக்குறீங்க, இது உங்க கொல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில், எல்லாரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நினைப்பில், "சரி, கூட்டுங்க" என்று தலையை ஆட்டிவிட்டேன்.

அவர் பாதையைக் கூட்டினார். ஒரு இலைமேல்கூட மணல் படாமல், கோடு கோடாக.

பையன் வந்தான். கீரையைப் பார்த்தான், கத்தரிக் கன்றுகளைப் பார்த்தான், ஆசோ நீட்டிய பயத்தங்காய்க் கட்டைக் கூச்சத்தோடு வாங்கிக்கொண்டான். அனுமதி கிடைக்கும், இந்த வருஷம் கவலை வேண்டாம் என்றான். ஒரே சத்தம், சிரிப்பு. கிளம்பும்போது கீழே பாதையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டி, விளையாட்டாகக் கேட்டான்.

"இனி சியாப்பா சுரோ, பாச்சே?" இதை யார் செய்யச் சொன்னது, பெரியப்பா?

இந்த முறை அப்பா தடுமாறவில்லை. அவரிடம் பதில் இருந்தது. நிமிர்ந்து நின்று, ஈர்க்குமாற்றை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, விரலை நீட்டி என்னைக் காட்டினார்.

"அனா சாயா," என்றார். என் மகள்.

எல்லாரும் சிரித்தார்கள். பையனும் சிரித்தான். அப்பா முகத்தில் நிம்மதி தெரிந்தது. நான் மட்டும் குனிந்து பாத்தியில் ஏதோ பிடுங்குகிற மாதிரி உட்கார்ந்துவிட்டேன்.